சபரகமுவத் தோட்டங்களிற் பிள்ளைமொழி: ஒரு வரலாற்று நோக்கு

பிள்ளை பேசக் கற்கும் விதத்தை ஆராயப் புகுவோர் எகிப்து மன்னன் சம்மெத்திக்கசுவின் கதையிலிருந்து தொடங்குவது வழக்கம். உலகின் முதல் மொழி யாது என அறிய விரும்பிய அவன், இரண்டு குழந்தைகளை ஓர் இடையனிடம் ஒப்புவித்து, அவர்தம் காதில் ஒரு சொல்லும் விழாது வளர்க்கச் செய்தான் என்றும், அவர்கள் முதலிற் கூறிய சொல் பிரீசிய மொழியில் உரொட்டியைக் குறிப்பதாய் இருந்தது என்றும் கிரேக்க ஆசிரியர் எரோதோத்தசு எழுதிவைத்தார். 16 ஆம் நூற்றாண்டில் அக்பர் பாதுஷாவும் இத்தகைய சோதனை ஒன்றைச் செய்வித்தார். பேசாத செவிலியர் நடுவே வளர்ந்த அப்பிள்ளைகள் ஊமைகளாகவே நின்றனர் என்பர். முன்னது கதை, பின்னதே நம்பத் தகுவது. பேச்சு மனிதனுக்கு இயல்பான ஆற்றலே ஆயினும், உடன் பேசுவார் இன்றி அது முளைப்பதில்லை.

மன்னர்கள் திட்டமிட்டுச் செய்ததை, எவரும் திட்டமிடாமலே, நம் நாட்டுப் பெருந்தோட்டங்கள் வேறொரு வகையில் நூறாண்டுக்கு மேலாகச் செய்து வந்துள்ளன. பெற்றவளைப் பகலெல்லாம் மலைக்கு அனுப்பி, பாலுண்ணும் பிள்ளையையும் தவழும் பிள்ளையையும் ஒரே கூரையின்கீழ் ஒரு முதியவளிடம் ஒப்புவித்தன. ஊமை மாளிகை என்று அதனை நான் சொல்ல வரவில்லை. ஆயினும் அங்கே வளர்ந்த பிள்ளையின் மொழிக்கு யாது நேர்ந்தது, அப்பிள்ளை பள்ளிக்கூடத்துப் படியேறியபோது யாது நேர்ந்தது என்பவற்றை எண்ணிப் பார்த்தல் ஆசிரியராகிய நம் கடமையுட் பட்டதாகும். மலையகக் கல்வியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நுவரெலியாவோடு நின்றுவிடுகின்றனர். இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களும் அடங்கிய சபரகமுவத்தின் நிலைமை வேறு. அதனையே ஈண்டு நோக்குவாம்.

கோப்பிப் பயிர் 1869 இல் தோன்றிய இலைநோயால் அழியத் தொடங்கியபின் தேயிலை மலைகளை நிறைத்தது. 1876 இல் பிரேசில் நாட்டு வித்தினின்று முளைத்த இறப்பர் நாற்றுகள் ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. 20 ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் உலகச் சந்தையில் இறப்பரின் விலை உயரவே, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இரத்தினபுரி, காவத்தை முதலிய இடங்களின் தாழ்ந்த குன்றுகள் இறப்பர்க் காடுகளாயின. பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளின் உயர்ந்த சரிவுகளிலே தேயிலை நின்றது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த குடும்பங்கள் இத்தோட்டங்களின் லயங்களிற் குடியேறின. நுவரெலியாவில் தோட்டங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து ஒரு தமிழ் நாடு போலக் கிடக்க, சபரகமுவத்திலோ ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் இடையே சிங்களக் கிராமமும் வயலும் கிடந்தன. கடைவீதியும் பேருந்தும் வைத்தியசாலையும் சிங்களம் பேசின. லயம் தமிழ் பேசியது. பிள்ளையின் மொழி வரலாற்றுக்கு இதுவே அடித்தளம்.

இறப்பர்த் தோட்டத்தின் நாள் தேயிலைத் தோட்டத்தின் நாளன்று. கொழுந்து எடுப்பவள் காலையிற் பெரட்டுக்குச் சென்று மாலையில் திரும்புவாள். பால் வெட்டுபவளோ விடியுமுன் எழுந்து செல்ல வேண்டும். வெயில் ஏறினால் மரத்திற் பால் நிற்கும். பிள்ளை கண் விழிக்கும்போது தாய் இல்லை. நண்பகல் கழிந்தபின் களைத்துத் திரும்புவாள். மழை பெய்தாற் பட்டை நனைந்து வெட்டு நின்றுவிடும். தென்மேற்குப் பருவக்காற்று அறைந்து பெய்யும் இரத்தினபுரியில் அத்தகைய நாட்கள் பல. அன்று தாய்க்குக் கூலி இல்லை. ஆனாற் பிள்ளைக்கு அன்று முழுவதும் தாயின் பேச்சு உண்டு. வறுமையும் மொழியும் இவ்வாறு ஒன்றுக்கொன்று எதிராக நின்றதை எந்தத் தோட்டக் கணக்கேடும் பதிந்துவைக்கவில்லை.

தாய் இல்லாப் பொழுதிற் பிள்ளையைக் காத்தது பிள்ளை மடுவம். பிள்ளைக் காம்பரா என்றும் அதனைச் சொல்வர். வளையில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள், கீழே தவழும் பிள்ளைகள், மலையில் வேலை செய்யும் வலுவிழந்த ஓர் ஆயம்மா. நெடுங்காலம் இவ்வளவே அதன் உடைமை. பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் அங்கே பொறுப்பேற்றது மிகப் பிற்காலத்து மாற்றமாகும். காம்பரா என்பது போர்த்துக்கேயச் சொல்; லயத்தின் முன்புறத்து இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுச் சென்றது; லயம் ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. பிள்ளை தவழ்ந்த தரையிலேயே மூன்று அரசுகளின் மொழி கிடந்ததாதலின், தோட்டத் தமிழ் கலப்படைந்தது என்று இன்று முகஞ்சுளிப்போர் வரலாறு அறியாதவரே.

ஒருத்தி இருபது பிள்ளைகளைப் பார்க்குமிடத்திற் பிள்ளைக்குக் குறைவது யாது? அமெரிக்க உளநூலார் செரோம் புரூணர் 1983 இல் வெளியிட்ட நூலில், மொழியின் விதை சொல்லில் மட்டும் இல்லை, தாயும் பிள்ளையும் ஒரே பொருளை ஒருங்கே நோக்கும் நோக்கிலும் மாறி மாறி ஆடும் விளையாட்டிலும் உள்ளது என்று விளக்கினார். பிள்ளை நிலாவை நோக்க, தாயும் அதனை நோக்கிப் பெயர் சொல்ல, பிள்ளை திரும்பத் தாயின் முகத்தை நோக்கும். இம்மும்முனைப் பார்வைக்கு வேண்டுவது பொழுது; ஆயம்மாவிடம் இல்லாததும் அதுவே. எனினும் மடுவத்திற் பேச்சு இல்லாமற் போகவில்லை. தங்கையை இடுப்பிற் சுமந்து நின்ற ஏழு வயது அக்காள் அங்கே இரண்டாம் தாயாயினாள். மாலையில் பாட்டி பாடிய தாலாட்டும் உண்டு. மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தளித்திராவிட்டால் அச்செல்வத்திற் பெரும்பகுதி நமக்குத் தெரியாது போயிருக்கும்.

தால் என்பதற்கு நாக்கு என்பது பொருள். பிள்ளைத்தமிழில் வரும் தாலப் பருவத்தைப் பாட்டியல் நூல்கள் ஏழாம் திங்களோடு சேர்த்துச் சொல்கின்றன. அதற்கு முந்திய செங்கீரையைத் தலையசைத்து ஆடும் பருவமாகக் கொள்வது பெருவழக்கு. கீர் என்பதைச் சொல் எனக் கொண்டு, அதனைப் பேச்சின் முதல் முளையாக விளக்குவாரும் உளர். பிள்ளை ஒரே அசையை அடுக்கி ஒலிக்கும் மழலை ஏறத்தாழ ஆறாம் ஏழாம் திங்களிலே தொடங்குகின்றது என இக்கால ஆய்வாளர் கூறுவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நம் புலவர் வெறும் கற்பனையாற் பருவம் வகுக்கவில்லை என்பது புலனாகும். ஆனால் அவர் பாடியது தெய்வப் பிள்ளையையும் அரசப் பிள்ளையையும். லயத்துப் பிள்ளையின் செங்கீரையை அன்று எவர் பார்த்தார்?

மேனாட்டிலும் பிள்ளையைப் பார்த்து எழுதும் வழக்கம் வீட்டிலேதான் தொடங்கியது. செருமானியரான தீடெமன் தம் மகனின் வளர்ச்சியைக் குறித்து 1787 இல் வெளியிட்டார். சாள்ஸ் டார்வின் 1839 இற் பிறந்த தம் மூத்த மகனைக் கவனித்து வைத்த குறிப்புகளை 1877 இல் ஒரு கட்டுரையாக்கினார். சரியாக ஒரு வயது நிறைந்தபோது அம்மகன் உணவுக்குத் தானாகவே ஒரு சொல்லைப் படைத்தான் என்று அவர் வியந்து எழுதினார். அச்சொல் மம் என்பது. நம் வீடுகளிற் சோற்றுக்கு மம்மு என்கின்றோம்! இங்கிலாந்துப் பேரறிஞரின் பிள்ளையும் எட்டியாந்தோட்டை லயத்துப் பிள்ளையும் ஒரே சொல்லுக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு? ரோமன் யாக்கோப்சன் 1941 இல் இதற்கு விடை தந்தார். பிள்ளையின் வாயில் முதலில் நிலைபெறுவன வாய் அகலத் திறந்த அகரமும், இதழ்களை மூடித் திறக்கும் பகர மகரங்களுமே என்றார் அவர். பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறப்பன என்று தொல்காப்பியப் பிறப்பியல் முன்னரே வகுத்துள்ளது. பால் குடிக்கும் உதட்டுக்கு எளிய ஒலிகள் அவை. அம்மா, அப்பா, மாமா, பாப்பா எல்லாம் இவ்வொலிகளால் ஆனவை. ழகரமும் றகரமும் வருவதற்கு ஆண்டுகள் செல்லும். தோட்டப் பேச்சில் ழகரம் ளகரத்தோடு ஒன்றியிருப்பதாற் பள்ளிக்கு வந்தபின்னரே அதனை முதன்முதற் கேட்கும் பிள்ளையும் உண்டு.

பிள்ளை பேசுமுன்பே கேட்கின்றது என்பது பிந்திய கண்டுபிடிப்பு. ஜெனற் வேர்க்கர், ரிச்சாட் ரீஸ் என்னும் இருவர் 1984 இல் கனடாவிற் செய்த ஆய்வு வியப்பூட்டுவது. இந்தி மொழியிலுள்ள பல்லொலித் தகரத்தையும் நாமடி டகரத்தையும் ஆறு முதல் எட்டுத் திங்களான ஆங்கிலக் குழந்தைகள் பிரித்து அறிந்தன. ஓராண்டு நிறையும் வேளையில் அவ்வேறுபாடு அவற்றின் காதுக்கு எட்டவில்லை. தன்னைச் சூழ்ந்தோர் பயன்படுத்தாத வேறுபாட்டைக் காது கைவிடுகின்றது. தமிழிலும் சிங்களத்திலும் அவ்விரு ஒலியும் உள்ளமையால் நம் பிள்ளைக்கு அவ்விழப்பு இல்லை. மாறாக, ககரத்தை வல்லொலியாயும் மெல்லொலியாயும் பொருள் மாறப் பிரிக்கும் சிங்கள முறை, தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் புதிது. கடைவாசலிற் சிங்களமும் கேட்டு வளர்ந்த சபரகமுவப் பிள்ளைக்கு அது புதிதன்று. மரியா மொண்டிசோரி அம்மையார் உள்வாங்கும் மனம் என்று இதனையே குறிப்பிட்டார். அவர் 1939 முதற் சென்னை அடையாற்றிலே தங்கி, 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அவர் முறையிற் பயின்றோரின் பள்ளிகள் நகரத்துச் சிறாருக்காகத் தோன்றின. லயத்துக்கு அக்காற்று வீசுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

இன்னொன்றும் கூறவேண்டும். பிள்ளை கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கிளி அன்று. ஸ்கின்னர் 1957 இல், மொழியும் பரிசும் தண்டனையும் பெற்று அமையும் பழக்கமே என்று எழுதினார். 1959 இல் நோம் சொம்ஸ்கி அதனைக் கடுமையாக மறுத்தார். இடையே 1958 இல் ஜீன் பேர்க்கோ என்னும் பெண்மணி, முன்பு எவரும் கேட்டிராத பொய்ப்பெயர் ஒன்றை ஒரு பறவைச் சித்திரத்துக்கு இட்டு, அவ்வாறு இரண்டு இருந்தால் எவ்வாறு சொல்வாய் என்று ஆங்கிலச் சிறாரைக் கேட்டார். அவர்கள் முறைப்படி பன்மை விகுதி சேர்த்துச் சொன்னார்கள். கேளாத சொல்லைத் திருப்பிச் சொல்ல இயலாது; ஆதலின் விதி அவர்கள் உள்ளத்தில் இருந்தது. இதற்கு நாம் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. முதலாம் வகுப்பில் எழுபது, எண்பது என்று எண்ணி வந்த பிள்ளை ஒன்பதுபது என்று சொல்லி நிற்கும். அச்சொல்லை அதற்கு எவர் கற்பித்தார்? தொண்ணூறு என்று நாம் திருத்துகின்றோம். திருத்துவது சரியே, ஆனாற் பிள்ளையின் விதி நம் விதியினும் ஒழுங்கானது என்பதை உணர்ந்து திருத்துதல் வேண்டும்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவாம். 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமீது சுமத்தியது. பத்து வயதோடு ஏன் நின்றது? பத்து வயதுப் பிள்ளையின் பெயரைச் செக்ரோலிற் பதிந்து வேலைக்கு இறக்கலாம் என்பதே காரணம். ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. அதுவும் சில இடங்களில் வேலை நேரத்துக்கு இடையூறில்லாத பொழுதிலே மட்டும். 1943 இற் கன்னங்கரா குழுவின் அறிக்கை ஆரம்ப வகுப்புகளிற் தாய்மொழியே போதனாமொழியாதல் வேண்டும் என்றது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. இரண்டும் நாடு முழுவதற்கும் ஒளியாயின. தோட்டப் பாடசாலைகளோ துரைமாரின் கையிலேயே கிடந்தன. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைப் பற்றிச் சட்டமன்றிற் பேசுவார் அருகினர். 1960 இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் இவை விடப்பட்டன. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபின், 1977 முதலாகவே அவை படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின.

ஏடு திறந்த அவ்வேளையிலேதான் ஊர் எரிந்தது. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் சபரகமுவத் தோட்டங்களையும் தாக்கின. 1981 ஆகத்தில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளில் லயங்கள் சூறையாடப்பட்டன. பலர் வவுனியாப் பக்கம் பெயர்ந்தனர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையின்படி இந்தியா சென்றோரும் பலர். எஞ்சியோர் தம் பிள்ளைகள் தெருவில் தமிழ் பேசுவதற்கே அஞ்சினர். அண்மையில் இருப்பது சிங்களப் பாடசாலை. தமிழ்ப் பாடசாலையோ தொலைவு, அங்கே உயர்தர வகுப்பும் விஞ்ஞான ஆசிரியரும் அரிது. இந்நிலையில் மகனைச் சிங்கள மொழிவகுப்பிற் சேர்த்த தந்தையை மொழிப்பற்றில்லாதவன் என்று பழிப்பது எளிது. நான் பழியேன். அவன் உயிரையும் உத்தியோகத்தையும் எண்ணினான். ஆயினும் அம்மகன் முதல் நாள் அவ்வகுப்பில் அமர்ந்தபோது அவன் உள்ளத்தில் நிகழ்ந்தது என்ன என்பதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. அதற்கு இரு பேரறிஞரின் வழக்கைத் துணைக்கொள்வேன்.

ஜெனீவா நகரத்துச் சிறாரைக் கவனித்த ஜீன் பியாஜே, 1923 இல் வெளியிட்ட நூலில், மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் பேச்சிற் பெரும்பங்கு எவரையும் நோக்கியதன்று என்று காட்டினார். படம் வரையும் பிள்ளை தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும். தன்னை மையமாகக் கொண்ட மனத்தின் விளைவு அது, வளர வளர மறையும் என்பது அவர் கருத்து. ரசிய நாட்டு வைகொட்ஸ்கி இதனை மறுத்தார். 1934 இல், அவர் இளமையிலேயே மறைந்த அதே ஆண்டில், வெளிவந்த நூலில், அப்பேச்சு மறைவதில்லை, உள்ளே இறங்கிச் சிந்தனையாகின்றது என்றார். பிள்ளைக்கு இடையூறு நேரும்போது, வரையும் வேளையில் வேண்டிய தாளோ வண்ணக்கோலோ இல்லாதபோது, அத்தனிப்பேச்சு ஏறக்குறைய இருமடங்காயிற்று. பேச்சு அங்கே வழி தேடும் கருவி. அவர் செய்த மற்றொரு சோதனை நம் பொருளுக்கு மிக நெருங்கியது. அப்பிள்ளையைக் காது கேளாத சிறாரிடையே, அல்லது அதற்கு விளங்காத வேறு மொழி பேசும் சிறாரிடையே, இருத்திப் பார்த்தார். பெரும்பாலான பிள்ளைகளிடம் தனிப்பேச்சு அறவே நின்றுவிட்டது. தன்னைப் பிறர் விளங்கிக்கொள்கின்றனர் என்னும் உணர்வு நீங்கவே, பிள்ளை தன்னோடு பேசுவதையும் நிறுத்திற்று.

பிறமொழி வகுப்பின் கடைசி வாங்கில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் தோட்டப் பிள்ளையை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். அதனை மந்தம் என்று பதிவேட்டிற் குறிப்பவர் உளர். அப்பிள்ளை இழந்தது ஆசிரியரோடு பேசும் பேச்சு மட்டுமன்று. கணக்கைப் போடும்போது தனக்குத்தானே முணுமுணுக்கும் பேச்சையும் சேர்த்து இழந்தது. ஆறு வயதில் அதுவே அதன் சிந்தனை.

இதனாற் பிள்ளைக்கு இருமொழி ஆகாது என்று முடிவுகட்டலாகாது. 1923 இல் சாயர் என்பார் வேல்சு நாட்டுக் கிராமப் பிள்ளைகளைச் சோதித்து, இருமொழி அறிந்தோர் அறிவிற் பின்தங்கினர் என்றார். அவர் வறுமையையும் பள்ளியின் தரத்தையும் சரிவரக் கணக்கில் எடுக்கவில்லை. 1962 இல் பீல், லாம்பெட் ஆகியோர் மொன்றியல் நகரில், குடும்ப நிலையில் ஒத்த சிறாரைத் தெரிந்து சோதித்தபோது இருமொழியாளரே முந்தினர். பின்னர் லாம்பெட் செய்த பாகுபாடு பொன்போன்றது: முதல் மொழி நிலைத்திருக்க மற்றொன்று சேருதல் கூட்டும் இருமொழியம்; மற்றொன்று வந்து முதல் மொழியைத் தின்னுதல் கழிக்கும் இருமொழியம். பிரான்சிலே ஜூல் ரோஞ்சா 1913 இல் எழுதிய நூலில், தந்தை பிரெஞ்சும் தாய் செருமானியமும் தவறாது பேச மகன் இரண்டையும் செவ்வையாகக் கற்றதைப் பதிந்தார். லயத்தில் ஆளுக்கொரு மொழி இல்லை. இடத்துக்கொரு மொழி உண்டு. தாயிடம் நான் போறேன், அவன் போறான் என்று விகுதி மாற்றிச் சொல்லும் பிள்ளை, கிராமத்துத் தோழனிடம் மம யனவா, எயா யனவா என்று வினை மாறாமற் சொல்கின்றது. ஒன்றின் இலக்கணத்தை மற்றொன்றில் அது ஏற்றுவதில்லை. இத்தகைய பிள்ளையைக் குழம்பியது என்பவரே குழம்பியவர்.

ஆகவே என் கருத்து இது. எழுத்தறிவும் எண்ணும் முதல் மூன்று ஆண்டுகளேனும் தமிழிலே தொடங்குக. சிங்களம் முன்பள்ளியிலிருந்தே விளையாட்டாலும் பாட்டாலும் வருக. அண்மையிற் தமிழ்ப் பாடசாலை இல்லாத தோட்டங்களில், மாலை வேளையிலேனும் தமிழ் எழுத்து கற்பிக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். 1953 இல் யுனெஸ்கோ தாய்மொழிக் கல்வியைப் பற்றி வெளியிட்ட அறிக்கை இதனையே உலகுக்கு உரைத்தது. 1987 முதற் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாகச் சட்டம் கூறுகின்றது. தமிழாசிரியராகிய நாமும் ஒன்றைக் கைவிடல் வேண்டும். வந்துச்சு, போயிருச்சு என்று பேசிவரும் பிள்ளையை முதல் நாளே ஏசித் திருத்தினால், தமிழ் வகுப்பிலும் அது வாய் மூடும். பின் எம்மொழியில் அது சிந்திக்கும்?

வில்லியம் ஸ்டேர்ணும் அவர் மனைவி கிளாராவும் தம் மூன்று பிள்ளைகளின் பேச்சையும் நாள்தோறும் குறித்து 1907 இற் பெருநூல் ஆக்கினர். அதற்கு வேண்டியது பல்கலைக்கழகம் அன்று, ஒரு குறிப்பேடு. இக்கல்லூரியிலிருந்து இரத்தினபுரி, கேகாலைப் பாடசாலைகளுக்கு ஆசிரியராகச் செல்லும் பழைய மாணவர் எவரும் ஒரு பிள்ளையைத் தெரிந்துகொண்டு தொடங்கலாம்: வயது ஆண்டும் திங்களுமாக, சொல், எவரிடம் சொன்னது, எங்கே, தமிழிலா சிங்களத்திலா, தனியே முணுமுணுத்ததா, மழை நாளா வெட்டு நாளா. பிள்ளையின் பெயர் வேண்டியதில்லை. ஓராண்டு நிறைந்த குறிப்பேட்டை இம்மலரின் ஆசிரியர் குழுவுக்கு அனுப்பினால் அடுத்த இதழில் அதிலிருந்தே தொடர்ந்து எழுதலாம்.